பன்னிரண்டு பேர், நாலு மணி நேரம்

போன சனிக்கிழமை, சொந்தமும் பந்தமுமாகப் பன்னிரண்டு பேர் எங்கள் கடலைக் கொல்லையில் ஒன்றாக உட்கார்ந்து, சோற்றுப் பொட்டலம் கண்ணெதிரே இருக்க, அதைத் தொட்டும் பார்க்காமல், சொன்ன நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டு எழுந்தார்கள்.

அன்று சூரியன் மேற்கே உதித்தது என்று நான் எழுதியிருந்தால்கூட, ஒரு மரியாதைக்காவது ஜன்னலைத் திறந்து பார்த்திருப்பீர்கள். இதற்கு அதுவும் செய்ய மாட்டீர்கள். உங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் அல்லவா.

எங்கள் வீட்டிலேயே என் பேச்சுக்கு முழு விலை கிடையாது. முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற இந்தப் பீட்டர் எதைச் சொன்னாலும் அதை நாலால் வகுத்துக்கொள்வது குடும்ப வழக்கம். கீரனூர் தாண்டியதும் நாற்பது மயில் என் பஸ்ஸை மறித்தது என்றால், மருமகள் அழகி அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "பத்து மயில்" என்பாள். கத்தாரில் வேலை பார்க்கும் மகன் ஜெரால்டும் போனில் அதே வகுத்தல்தான். கணக்கே வராது என்று பெயர் வாங்கிய பேத்தி இனியாவுக்கும் இந்த ஒரு வகுத்தல் மட்டும் தூக்கத்தில்கூட வரும்.

அந்தப் பெயர்தான் இத்தனைக்கும் ஆரம்பம். ஏழாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் இனியா கணக்கில் வாங்கியது இருபத்தேழு. அழகி அன்று சாப்பிடவில்லை. ஜெரால்டு கத்தாரிலிருந்து விடாமல் பேசினான். முடிவில் தீர்ப்பு வந்தது: திருச்சியில் ஒரு பெரிய பள்ளிக்கூடம், அங்கேயே ஹாஸ்டல், காலையும் மாலையும் தனியாகக் கணக்கு வகுப்பு. இனியா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் எதைத் தொட்டாலும், போய்வருகிறேன் என்று சொல்வதுபோலவே தொட்டாள். ஆட்டுக்குட்டி, மாமரம், டிவி ரிமோட் எல்லாவற்றிடமும் விடைபெற்றாகிவிட்டது.

வீட்டுப்பாடத்துக்கு நான் உதவவில்லையா என்று கேட்காதீர்கள். உதவினேன். அதுதான் கோளாறு. பஸ்ஸில் கணக்கெல்லாம் கண்டக்டர் பார்த்துக்கொள்வார், நான் பார்த்தது ரோடு மட்டும். நான் சொல்லிக்கொடுத்த கணக்குகளில் சரியாக வந்தது ஒன்றே ஒன்று. அதையும் இனியா அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதியிருந்தாள்.

பரீட்சையில் அவளைக் கவிழ்த்த கேள்வியை மட்டும் சொல்லிவிடுகிறேன், சனிக்கிழமைக் கூத்துக்கு அது வேண்டும். ஆறு பேர் ஒரு வேலையை எட்டு மணி நேரத்தில் முடித்தால், பன்னிரண்டு பேர் எத்தனை மணி நேரத்தில் முடிப்பார்கள்? ஆள் இரட்டித்தால் நேரம் பாதி. நாலு மணி நேரம். வகுப்பே நாலு என்று எழுதியது. இனியா எழுதியது பன்னிரண்டு மணி நேரம்.

காரணமும் எழுதியிருந்தாள். பன்னிரண்டு பேர் வந்தால் மூன்று பேர் சமைக்கப் போவார்கள். ஒருவர் டீ வாங்கப் போவார். இரண்டு பேர் சண்டை போடுவார்கள், இரண்டு பேர் விலக்கிவிடுவார்கள். கணக்கு வாத்தியார் சார்லஸ் அதன் குறுக்கே ஒரு நீளச் சிவப்புக் கோடு இழுத்து, 'கதை வேண்டாம்' என்று எழுதிவிட்டார். தொட்டி நிரப்பும் கணக்கில் கரண்ட் போகுமா என்று கேட்டிருந்தாள், லாபக் கணக்கில் வாங்குகிறவர் கடைக்காரருக்கு என்ன முறை என்று கேட்டிருந்தாள். அங்கேயும் அதே கோடு.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

அன்று காலை முதல் பஸ்ஸிலேயே அழகி திருச்சிக்குக் கிளம்பினாள். ஹாஸ்டல் பொறுப்பில் இருக்கும் சிஸ்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வருவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை வரை இடம் வைத்திருப்பதாக அவர் சொல்லியிருந்தார். ஜெரால்டு விடியும் முன்பே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான்: போய்ட்டு வா அழகி, வந்ததும் கூப்பிடு, எங்கிட்டயும் ஒரு சேதி இருக்கு. என்ன சேதி என்று சொல்லவில்லை. குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஆவூருக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டிய எங்கள் கொல்லையில் நாற்பது சென்ட் கடலை. வெளியில் சொல்லும்போது நான் சென்ட் என்ற சொல்லை விழுங்கிவிடுவது வழக்கம். முந்தைய நாள்தான் செடியெல்லாம் பிடுங்கிக் குவித்திருந்தது. சனிக்கிழமை ஆறு பெண்கள் வந்து, செடியிலிருந்து காயை ஆய்ந்து தருவதாகப் பேச்சு. எப்போதும் அந்த ஆறு பேருக்கு எட்டு மணி நேர வேலை அது. விடிந்து பார்த்தால் ஆறு பேரும் அன்னவாசல் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வேன் ஏறிவிட்டார்கள்.

கிழக்கே வானம் எருமை முதுகு மாதிரி இருந்தது. எங்கள் கோழிகள் ராத்திரி ஆகிவிட்டது என்று நினைத்து மறுபடி அடையப் போயின. சரி, ஒரு கோழி போனது.

பஸ் மாத்தூரைத் தாண்டும்போது அழகி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். அவளும் அந்த வானத்தைப் பார்த்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு மழை கொட்டும் என்று போனில் போட்டிருக்கிறதாம். தார்ப்பாயைப் போட்டு மூடுங்கள், தப்பியது தப்பட்டும், மிச்சம் நனைந்து முளைவிட்டால் என்ன செய்வது என்றாள். எங்களிடம் இருந்த தார்ப்பாய் ஒரு மோட்டார் சைக்கிளை மூடலாம்.

"பன்னெண்டு பேரு இருந்தா நாலு மணி நேரத்துல முடிஞ்சுரும்மா," என்றாள் இனியா.

அழகி திருப்பிக் கேட்டாள்.

"நீ போட்ட கணக்கு என்னைக்குடி சரியா வந்துருக்கு?"

"இது சரியா வந்தா ஹாஸ்டல் வேணாமா?"

அழகிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தெளிவாகிவிடும். "மழைக்கு முன்னாடி கடைசிச் செடி வரைக்கும் ஆய்ஞ்சு, காயெல்லாம் வீட்டுக்குள்ள வந்துருச்சுன்னா ஒங்கப்பாகிட்ட நானே பேசுறேன். ஒரு செடியில காய் மிச்சம் இருந்தாலும் திங்கக்கெழமை நீ கெளம்பணும். ஒங்க தாத்தா சொல்லி நம்ப மாட்டேன். என் கண்ணு பாக்கணும்."

போன் நின்றது. இனியா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழேகால்.

நான் உடனே களத்தில் குதித்தேன். இருபது பேரைக் கூப்பிடுவோம், பத்துப் பேர் சமைக்கப் போனாலும் பத்துப் பேர் மிஞ்சுவார்கள் என்றேன். இனியா தலையை ஆட்டினாள். இருபது பேர் வந்தால் இருபது பேருக்குச் சமைக்க வேண்டும், அதற்கு ஆறு பேர் போவார்கள், ஆறு பேர் போனால் வேடிக்கை பார்க்க நாலு பேர் போவார்கள் என்றாள். அது உண்மைதான்.

"பரீச்சைல வர்ற ஆளுங்க சாப்புட மாட்டாங்க தாத்தா. வெத்தல போட மாட்டாங்க. சண்ட போட மாட்டாங்க. எட்டு மணிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நம்ம ஆளுங்கள அப்புடி ஆக்கணும். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தானாம். முப்பது வருஷம் பஸ்ஸில் ஜனத்தை ஏற்றியவன் நான். உள்ளே போங்க என்றால் படியில் நிற்கிற ஜனம் இது.

ஆள் கூட்டுவது என் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் போன் செய்து, எல்லாரும் வந்தாச்சு, நீங்கதான் பாக்கி என்றேன். யாரும் இல்லாத கொல்லையில் நின்றுகொண்டு அதைப் பதினைந்து பேரிடம் சொன்னேன். பக்கத்துத் தெரு, மேலத்தெரு, குளத்தூர் ரோட்டு வீடுகள் என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

என் மனைவியின் தம்பி ராக்கன் வந்தான். அவன் தும்மினால் மணப்பாறையில் மாடு மிரளும். என் சித்தப்பா மகன் முத்துராஜ் வந்தான். அவன் ராக்கனைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். ஜெரால்டு கல்யாணப் பந்தியில் ஒரு நல்லி எலும்பு, ராக்கன் இலைக்கு வர வேண்டியது, முத்துராஜ் இலையில் விழுந்துவிட்டது. இனியாவுக்கே வயது பன்னிரண்டு ஆகிவிட்டது. அந்த எலும்பு இன்னும் இரண்டு பேர் தொண்டையிலும் நிற்கிறது. இருவரும் ஒரே பந்தலில் இருந்தால் அந்த நல்லி வெளியே வரும். வந்தால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு விலக்கிவிட ஓடும். இதெல்லாம் இனியாவின் பரீட்சைத் தாளிலேயே இருக்கிறது, பெயர் மட்டும் போடவில்லை.

அவள் ராக்கனைக் குவியலின் வடக்கு முனையிலும் முத்துராஜைத் தெற்கு முனையிலும் உட்கார வைத்தாள். நடுவில் ஆளுயரத்துக்குக் கடலைச் செடி. இந்தியா பாகிஸ்தான் எல்லையில்கூட அத்தனை ஏற்பாடு கிடையாது.

எண்ணிப் பார்த்தால் நானும் இனியாவும் சேர்த்துப் பதினோரு பேர். மணி எட்டாகப் போகிறது. அந்த நேரம் பார்த்து, தேய்த்த வெள்ளைச் சட்டையில் சார்லஸ் சார் டூவீலரில் வந்தார், ஆவூர் மாதா கோயிலில் பாடகர் குழு பயிற்சிக்காக. நான் ரோட்டின் நடுவில் போய் நின்றேன். பஸ் டிரைவருக்கு எதிரே வருகிற வண்டியை நிறுத்தத் தெரியாதா. விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் இறங்கிவிட்டார். அந்த வெள்ளைச் சட்டைக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

அடுத்ததுதான் பெரிய கண்டம். மதியச் சாப்பாட்டுக்கு உலை வைக்க எழுந்த பெண்களை இனியா உட்காரச் சொன்னாள். சாப்பாடு குளத்தூர் மெஸ்ஸிலிருந்து வருகிறது என்றாள்.



எங்கள் பக்கத்தில் உதவிக்கு வந்த சொந்தத்துக்கு வீட்டில் உலை வைக்காமல் கடைச் சோறு போடுவது, வாசலில் நாயை அவிழ்த்துவிடுவதற்குச் சமம். ராக்கன் கையிலிருந்த செடியைக் கீழே போட்டான். "கடச் சோறு திங்கவா என்னைக் கூப்புட்டீக?" என்று என்னைத்தான் கேட்டான். நான் எதையாவது அளந்து சமாளிப்பதற்குள் இனியா அவனுக்குப் பதில் சொல்ல முந்திக்கொண்டாள்.

"இன்னைக்கு வேலைக்கு மட்டும் வந்துருக்கீங்க தாத்தா. விருந்து நாளைக்குப் பூசை முடிஞ்சு. அதுக்குச் சமைக்கிறதுக்கும் நீங்கதான் வரணும்."

விருந்து ரத்தாகவில்லை, நாள்தான் மாறியிருக்கிறது என்று தெரிந்ததும் ராக்கன் செடியை எடுத்துக்கொண்டான். நாளைக்கு நல்லி உண்டா என்று தெற்கு முனையிலிருந்து யாரோ கேட்டார்கள். நல்லவேளை, வடக்கு முனைக்கு அது எட்டவில்லை.

டீ கேனில் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை, டீதான் ஆளிடம் போனது. வெற்றிலைப் பெட்டியை இனியா வாங்கித் தன் பாவாடை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது மணிக்கெல்லாம் கூடைகள் நிறைந்து சாக்குக்குள் காய் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. காய் உதிரும் சத்தம் விராலிமலை முருகன் கோயில் வரை கேட்டிருக்கும். சரி, ரோடு வரை கேட்டது.

சார்லஸ் சார் இனியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கை பழக்கமில்லாமல் ஒரு செடிக்கு மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தார். பதினொரு மணி வாக்கில் அவர்தான் பேச்சை எடுத்தார். அந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதினாயே, அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது, பன்னிரண்டு பேர் என்பதையே திருப்பி எழுதிவிட்டாயா என்று கேட்டார்.

இனியா கை நிற்காமல் சொன்னாள். "இல்ல சார். பன்னெண்டு பேர்ல எட்டுப் பேரு அங்கிட்டு இங்கிட்டுப் போயிருவாங்க. மிச்சம் நாலு பேர்தான் வேல செய்வாங்க. ஆறெட்டு நாப்பத்தெட்டு. நாலால வகுத்தா பன்னெண்டு."

சார் கையில் இருந்த செடி அப்படியே நின்றது. ஆறு பேர் எட்டு மணி நேரம் என்றால் மொத்தம் நாற்பத்தெட்டு மணி நேர வேலை. அதை நாலு பேர் செய்தால் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். எனக்கே இதை இரண்டு தடவை சொன்ன பிறகுதான் புரிந்தது, ஆனால் அவருக்கு உடனே புரிந்தது. அவர் சிவப்புக் கோடு போட்ட இடத்தில் கணக்கு சரியாக இருந்தது.

"அப்ப ஒனக்குக் கணக்கு தெரியுது," என்றார்.

"கணக்கு தெரியுது சார். அந்தக் கணக்குல இருக்கிற ஆளுங்களத்தான் தெரியல. அப்புடி எந்த ஊர்ல சார் இருக்காங்க?"

சார்லஸ் சார் சிரிக்க ஆரம்பித்தார். பாடகர் குழுவில் கட்டைக் குரல் பாடுகிறவர், அடிவயிற்றிலிருந்து சிரித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன ஏது என்று கேட்க, தெற்கு முனையிலிருந்த முத்துராஜ் எழுந்து, குவியலைச் சுற்றி வடக்கே வந்தான். வந்த இடத்தில் ராக்கன்.

அப்புறம் என்ன. யார் முதலில் நல்லி என்றார்கள் என்பது தெரியவில்லை. ராக்கன் எழுந்தான். முத்துராஜ் துண்டை இடுப்பில் கட்டினான். மணி பதினொன்றுக்கு மேல் ஆகியிருந்தது, காற்றில் மண் வாசனை வந்துவிட்டது, குவியலில் இன்னும் கால் பங்கு பாக்கி. வழக்கப்படி நாலைந்து பேர் விலக்கிவிட எழப்போனார்கள்.

"யாரும் எந்திரிக்காதீங்க," என்றாள் இனியா.

எல்லோருக்கும் கேட்க உரக்கச் சொன்னாள். "சண்ட போட ரெண்டு பேரு போனா பத்துப் பேரு இருக்கோம். விலக்கப் போனா அஞ்சு பேருதான். பத்துப் பேருன்னா இன்னும் முடிக்கலாம். அஞ்சு பேருன்னா நான் திங்கக்கெழமை ஹாஸ்டலுக்குப் போயிருவேன்."

எழப்போனவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். எல்லோரும் குனிந்து காயை ஆய்ந்தார்கள்.

ராக்கனும் முத்துராஜும் மூக்குக்கு மூக்கு நின்றார்கள். ராக்கன் கையை ஓங்கினான். அதை யாராவது பிடிக்க வேண்டும், அதுதான் முறை. யாரும் பிடிக்கவில்லை. ஓங்கிய கை அப்படியே மேலே நின்றது. முத்துராஜ், என்னை விடுங்கடா, விடுங்கடா என்று சொல்லிப் பார்த்தான். அவனை யாரும் பிடித்திருக்கவே இல்லை. இத்தனை வருஷமாக ஊர் பிடித்துக்கொண்டிருந்த தைரியத்தில் சண்டை போட்டவர்கள், பிடிக்க ஆளில்லாமல் அடிக்கவும் முடியாமல், இறங்கவும் வழி தெரியாமல் நின்ற அந்தக் காட்சிக்கு டிக்கெட் போட்டிருக்கலாம்.

"என்ன ஒருத்தரும் வர மாட்டேங்கிறீக?" என்றான் ராக்கன், ரொம்ப வருத்தத்தோடு.

"கையெறக்கு மாப்ள. நோவும்," என்றேன் நான்.

இறக்கினான். நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். தெற்கு முனைக்குத் திரும்பிப் போனால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமே என்று, முத்துராஜும் அங்கேயே ராக்கனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அடிக்க முடியாத கோபம் முழுக்க இரண்டு பேர் விரலுக்கும் இறங்கியது. ராக்கன் ஒரு செடியை உருவினால் முத்துராஜ் இரண்டு உருவினான். காய் பறந்தது. என் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. மிஷின் வைத்திருந்தால்கூட வெட்கப்பட்டிருக்கும். இதை யாரும் வகுக்க வேண்டாம், சார்லஸ் சார் சாட்சி.

பதினொன்றே முக்காலுக்கு மெஸ்காரர் பொட்டலங்களைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். சாம்பார் வாசனை எல்லோர் மூக்கையும் தொட்டுவிட்டுப் போனது. ஒருவரும் நிமிரவில்லை. அவர் பயந்துபோய், ஏதும் துக்கமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

கடைசிச் செடியை இனியாதான் ஆய்ந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூட்டையாகத் தூக்கினோம். ஆவூர் கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்க ஆரம்பித்தது. கடைசி மூட்டை என் முதுகில். மணி நிற்கவும், நான் வாசல்படியில் கால் வைக்கவும், எனக்குப் பின்னால் மழை ஓட்டில் விழவும் சரியாக இருந்தது. முதுகில் ஒரு சொட்டு பட்டது. ஒரே சொட்டு.

அழகி வந்தபோது மழை கனத்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தவள், தலையில் ஒரு புதுத் தகர டிரங்க் பெட்டியைக் கவிழ்த்துக் குடையாகப் பிடித்திருந்தாள். ஹாஸ்டலுக்கு வாங்கிய பெட்டி. வாசலில் அதை இறக்கி வைத்ததும் இனியாவின் கண் அதிலேயே நின்றது. சிஸ்டரிடம் பேசியாகிவிட்டது, பெயர் எழுதியாகிவிட்டது என்று அழகி என்னிடம் சொன்னாள். அப்புறம்தான் உள்ளே பார்த்தாள்.

கூடத்தில் ஒன்பது மூட்டை. சாக்கு தீர்ந்துபோய்த் தரையில் ஒரு கூடைக் காய் தனியாகக் கொட்டிக் கிடந்தது. சுவரோரமாகப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் இன்னும் பிரிக்காத பொட்டலங்கள். அழகி வந்த பிறகுதான் சாப்பாடு என்று இனியா சொல்லிவிட்டாள்.

நான் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அழகி கையைக் காட்டினாள். சார்லஸ் சார் எழுந்து, ஆமாங்க, நான் இருந்தேன் என்றார். "எங்க மாமா ஒங்களுக்கும் டீ வாங்கிக் குடுத்துருப்பாரு சார்," என்றாள். மூட்டைக்குள் கையை விட்டு அடிக்காயை எடுத்துப் பார்த்தாள். காய்ந்த மண்தான் ஒட்டியிருந்தது. அப்படியும் விடவில்லை. குடையை விரித்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

  அவள் அங்கே ஆய்ந்து போட்ட கொடியைக் கிளறிப் பார்க்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு செடி இருந்தது. வேரில் இரண்டு காய் தொங்கியது.

இனியாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"அது நான் ஆய்ஞ்ச செடி," என்றான் ராக்கன்.

"இல்ல, என்னோடது," என்றான் முத்துராஜ். "நாந்தான் அவசரத்துல அங்கிட்டுத் தூக்கிப் போட்டேன்."

"ஒன்னோடது எப்புடிடா ஆகும்? என் கைலேர்ந்து போனது எனக்குத் தெரியாதா?"

"கண்ணு தெரியாம நீ ஆய்ஞ்ச லட்சணம் எனக்குத் தெரியும். பிள்ளைய எதுவும் சொல்லாத அழகி, தப்பு என்னோடது."

தப்பு தன்னுடையதுதான் என்று இருவரும் தொண்டை கிழியச் சண்டை போட்டார்கள். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டு. அழகி அவர்களையே பார்த்தாள். அவள் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த இரண்டு பேரையும் ஒரே வரிசையில் பார்த்ததில்லை. அந்த நாளின் பந்தியில்தானே அந்த எலும்பு விழுந்தது. நான் எவ்வளவு பெரிய புளுகன் என்றாலும், இப்படி ஒன்றைப் புளுக எனக்கே தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அந்த இரண்டு காயையும் செடியிலிருந்து பிய்த்தாள். ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை இனியாவின் கையில் வைத்தாள்.

"கடைசிச் செடியும் ஆயிருச்சு," என்றாள்.

பிறகு புது டிரங்க் பெட்டியை இழுத்து வந்து மூடியைத் திறந்தாள். தரையில் கிடந்த காயை இரண்டு கையாலும் அள்ளி அதற்குள் போட்டாள். சாக்கு இல்லையல்லவா. இனியாவும் உட்கார்ந்து அள்ளினாள். புதுத் தகரத்தில் காய் விழுந்த சத்தத்துக்கு நடுவில் போன் அடித்தது. ஜெரால்டு.

வேலை இடைவேளை போலிருக்கிறது, பின்னால் ஒரே இரைச்சல். எடுத்ததும், "அழகி, நான் ஒரு சேதி சொல்லணும்," என்றான். பிறகு அவனே நிறுத்தி, "மொதல்ல நீ சொல்லு. கடல என்னாச்சு?" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒம்பது மூட்டடா," என்று போனுக்குள் சத்தம் போட்டேன். "பன்னெண்டு பேரு, நாலு மணி நேரம், இனியா போட்ட கணக்கு. ராக்கனும் முத்துராஜும் ஒண்ணா ஒக்காந்து."

ஜெரால்டு சிரித்தான். "பிள்ளைய ஹாஸ்டலுக்கு அனுப்ப எனக்கே மனசு வரல, அந்தச் சேதியத்தான் சொல்ல வந்தேன். ஆமா, ஒம்பதுன்னா ரெண்டே கால் மூட்டையா அழகி?"

அழகி பெட்டிக்குள் காயைப் பரப்பிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். அப்புறம் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"இல்லங்க. ஒம்பதுதான். நான் கண்ணால பாத்தேன். மாமா சொன்னத இந்தத் தடவ வகுக்காதீங்க."